காய்ச்சற்கட்டியும் குண்டிக்காய்க்கட்டியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நோயறிதலின் வரலாறு

தமிழ் வைத்திய வழக்கிலே 'கட்டி' என்னும் சொல் பல நோய்களுக்குப் பொதுப்பெயராக நின்று வந்துள்ளது. சீழ் கொண்டதும் கட்டியே, கழலையும் கட்டியே, வயிற்றினுள் கைக்குத் தட்டுப்படும் எந்தத் தடிப்பும் கட்டியே. இவற்றுள் ஒன்று தனக்கெனத் தனிப்பெயர் பெற்றது. நெடுநாட் காய்ச்சலின் பின் இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் பருத்து இறங்குவதைக் 'காய்ச்சற்கட்டி' என்றனர். தனிப்பெயர் பெறுமளவுக்கு அது வரண்ட நிலங்களில் நாளாந்தக் காட்சியாக இருந்தது. சிறுபிள்ளையின் சிறுநீரகத்தில் எழும் புற்றுக்கட்டியோ அவ்வாறு ஒரு பெயரைப் பெறவில்லை. காய்ச்சல் மலிந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் அது பெரும்பாலும் காய்ச்சற்கட்டியின் பெயருக்குள்ளேயே மறைந்து கிடந்திருத்தல் வேண்டும். ஒரே விலாவின் கீழ் எழும் இவ்விரு கட்டிகளும் எவ்வாறு வேறு பிரித்தறியப்பட்டன என்பது வைத்திய வரலாற்றின் சிறியதொரு பகுதியே. ஆயினும் ஒரு பிள்ளை பிழைப்பதும் இறப்பதும் அந்த வேறுபாட்டிலேயே தங்கியிருந்தது.

வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, மட்டக்களப்பு நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்பக்கம் படுவான்கரை. பாடசாலை, வைத்தியசாலை, கச்சேரி ஆகியன எழுவான்கரையிலும் புளியந்தீவிலும் அமைந்தன. நெல்லும் குளங்களும் காடும் படுவான்கரைக்கு உரியன. அக்கரைக்கே காய்ச்சலும் உரியதாயிற்று. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு, வரட்சியில் ஓட்டம் குன்றிய ஆறுகளின் தெளிந்த மணற்குட்டைகளிற் பெருகுவது. வரண்ட வலயத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் காய்ச்சலுக்கு ஆளாகி, அதனோடு ஒருவாறு இணங்கி வளர்ந்தனர். 1934, 35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் ஈரவலயத்தை அண்டிய கேகாலை, குருணாகல் பகுதிகளிலேயே மிகக் கொடிதாயிற்று. வரண்ட வலயத்திலோ நோய் கொள்ளையாக வராமல் குடியிருப்பாகவே இருந்தது. பிள்ளைகளின் வயிற்றைத் தடவி எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகின்றது என்று எண்ணுவதே ஓர் ஊரின் மலேரியாவை அளக்கும் முறையாக 1840களில் பஞ்சாபின் கால்வாய்ப் புறங்களில் தோன்றியது. அதுவே பின்னர் இலங்கையிலும் கையாளப்பட்டது. பருத்த வயிறு அக்காலத்தில் நோய் என்பதிலும் ஊரின் அடையாளம் எனலாம். புழுநோயும் ஊட்டக்குறைவும் அதே வயிற்றை வேறு வழிகளிலும் பருக்கச் செய்தன. அத்தகைய நூறு வயிறுகளுக்கிடையே ஒரு வயிற்றில் மட்டும் வேறொன்று வளர்கின்றது என்பதை எவ்வாறு அறிவது?

கதிர்ப்படத்துக்கு முந்திய வைத்தியருக்கு இருந்த கருவி கை ஒன்றே. அதனை இழிவாக எண்ணுதல் தகாது. மண்ணீரல் மூச்சோடு இறங்கி ஏறும். விலாவின் கீழிருந்து சரிவாகத் தொப்புளைத் தாண்டி வலப்பக்கம் நோக்கி வளரும். அதன் முன்விளிம்பில் ஒரு வெட்டு விரலுக்குத் தென்படும். விலாவுக்கும் அதற்கும் இடையே விரலை நுழைக்க இயலாது. சிறுநீரகக் கட்டியோ பின்புறத்தை நிரப்பி நிற்கும். ஒரு கையை முதுகிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து உந்தினால் இரு கைகளுக்குமிடையே அது அசையும். குடல் அதன் முன்னே கிடப்பதால் தட்டும்போது ஒலி மந்தமாகாது. அது பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதுமில்லை. ஆயினும் அழுகின்ற மூன்று வயதுப் பிள்ளையின் இறுகிய வயிற்றில் இவற்றையெல்லாம் தேடுவது எளிதன்று. கட்டியை மீண்டும் மீண்டும் அழுத்தினால் அதன் உறை கிழிந்து நோய் வயிறெங்கும் பரவும் என்ற அச்சமும் உண்டு. இதனாலேயே இத்தகைய பிள்ளையை ஒருவர் ஒருமுறை தடவினாற் போதும் என்று சத்திரசிகிச்சை ஆசிரியர்கள் மாணவரை எச்சரித்து வந்தனர். கையால் அறியும் கலைக்கு அதே நோய் எல்லையிட்டதை இங்குக் காணலாம்.

இக்கட்டி ஐரோப்பிய நூல்களுட் புகுந்ததும் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1814இல் இலண்டனில் தோமஸ் ரான்ஸ் என்பவர் ஒரு பிள்ளையின் சிறுநீரகங்களிற் கண்ட குருதிமிகு புற்றை விவரித்தார். மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதே ஆண்டிலே தான். அவர் அடுத்த ஆண்டே நோயுற்று அங்கு மாண்டார். 1877இல் லீட்ஸ் நகரச் சத்திரவைத்தியர் ஜெசொப் இரண்டு வயதுப் பிள்ளையொன்றின் கட்டியுற்ற சிறுநீரகத்தை வெட்டியெடுத்தார். 1879இல் வில்லியம் ஒஸ்லர், சிறுநீரகக் கட்டியினுள்ளே தசைநார் இழையங்கள் கிடந்த இரு நோயாளரைப் பற்றி எழுதினார். சிறுநீரகத்தில் தசை எவ்வாறு வந்தது என்பது அன்றைய வைத்தியரை மலைக்க வைத்த வினா. அதற்கு விடை தந்தவர் ஜேர்மானியரான மக்ஸ் வில்ம்ஸ். 1899இல் அவர் வெளியிட்ட கலப்புக்கட்டிகள் பற்றிய நூல், இவையாவும் கருநிலையில் முதிராது எஞ்சிய ஒரே இழையத்திலிருந்து எழுவன என்று விளக்கியது. கட்டி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1918இல், தொண்டையடைப்பான் நோயுற்ற பிரெஞ்சுப் போர்க்கைதி ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்த வில்ம்ஸ் அந்நோய் தம்மைத் தொற்றியதால் இறந்தார்.

தமிழில் சிறுநீரகத்துக்குப் பழைய பெயர் குண்டிக்காய். தமிழ் விவிலியம் பலிச்செய்திகளைக் கூறுமிடத்து அச்சொல்லையே ஆளுகின்றது. 1847 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழிற் பயிற்றிய வைத்தியருக்காக அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரணவைத்தியம் என நூல்களை வரிசையாக வெளியிட்டார். நவீன சத்திரவைத்தியம் தமிழில் எழுதப்படக்கூடியதே என்பதை அவை நிலைநாட்டின. ஆனால் அந்நூல்கள் எழுந்த காலம் வில்ம்ஸின் நூலுக்கு முந்தியது. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றியபின் ஆங்கிலமே கல்விமொழியாயிற்று. எனவே சிறுவர் சிறுநீரகக் கட்டி பற்றிய அறிவு வளர்ந்த காலம் முழுவதும் அது தமிழுக்கு வெளியிலேயே வளர்ந்தது. படுவான்கரைத் தாய்க்கு வைத்தியர் சொல்லக்கூடிய சொல் கடைசிவரை 'கட்டி' ஒன்றாகவே நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1895இல் ரொண்ட்ஜன் கண்ட கதிர், எலும்பைக் காட்டியதே தவிரச் சிறுநீரகத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. மென்மையான உறுப்புகள் யாவும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்து நின்றன. 1929இல் பேர்லினில் மோசஸ் சுவிக், அயடீன் கலந்த மருந்தை நாளத்தினுட் செலுத்தினால் அது சிறுநீரோடு வெளியேறும்போது சிறுநீரகத்தின் உட்குழிகளைப் படத்தில் வெண்மையாகக் காட்டும் என்று நிறுவினார். காய்ச்சற்கட்டிக்கும் சிறுநீரகக் கட்டிக்கும் உரிய வழக்கு இப்படத்தின் முன்னே தான் முதன்முறையாகத் தெளிவாகத் தீர்க்கப்பட்டது. மண்ணீரல் பருத்தாற் சிறுநீரகம் தள்ளப்படலாம். ஆனால் அதன் குழிகள் தம் வடிவத்தைக் காக்கும். கட்டி சிறுநீரகத்தின் உள்ளேயே எழுந்தால் குழிகள் நெரிந்தும் நீண்டும் விரிந்தும் சிதையும். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ நரம்பிழையத்திலோ பிறக்கும் நியூரோபிளாஸ்டோமா என்னும் இன்னொரு கட்டியையும் இதே படம் பிரித்துக் காட்டியது. அது சிறுநீரகத்தை முழுதாகக் கீழ் நோக்கி வளைத்துத் தள்ளும். அதனுட் சுண்ணப் பொட்டுகள் மிகுதி. வில்ம்ஸ் கட்டியிற் பத்தில் ஒன்றளவிலேயே சுண்ணம் காணப்படும். மாவட்ட வைத்தியசாலைகள் பல்லாண்டுகளாக நம்பியிருந்த கருவி இதுவே. அது விலை குறைந்தது; ஆயினும் பிள்ளைக்கு ஊசியும் அயடீனும் தொடர்ச்சியான பல கதிர்ப்படங்களும் வேண்டியிருந்தன.

சரியாக இனங்கண்டாலும் பயன் எது என்று அக்காலத்தில் ஒருவர் கேட்டிருப்பின் விடை சொல்வது கடினம். 1950 வரையும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் ஒருங்கு கிடைத்த சிறந்த நிலையங்களிற்கூடப் பாதிப் பிள்ளைகள் பிழைக்கவில்லை. 1950களின் நடுப்பகுதியிற் பொஸ்ரனில் சிட்னி பார்பர் அக்ரினோமைசின் என்னும் மருந்தை இக்கட்டிக்குப் பயன்படுத்தத் தொடங்கியமை நிலைமையை முற்றாக மாற்றியது. நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளும் கரைந்தன. 1969இல் அமெரிக்காவிலும் 1971இல் ஐரோப்பாவிலும் பெரும் கூட்டாய்வுகள் தொடங்கின. இன்று வளம்மிக்க நாடுகளில் இந்நோயுற்ற பிள்ளைகளிற் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். குணமாக்கக்கூடிய நோய் என்று ஆனபின்பே அதனை இனங்காணத் தவறுவது குற்றமாயிற்று. நோயறிதலின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதும் நூல்கள் இவ்வுண்மையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

அதே காலத்திலேயே வாவிக்கரையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1940களின் இறுதியில் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவியது. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேரே. 1960களின் இறுதியில் காய்ச்சல் மீண்டும் பொங்கியெழுந்தது என்பது வேறு. ஆயினும் ஊர்ப்பிள்ளைகள் யாவரும் காய்ச்சற்கட்டி சுமந்த காலம் மீளவில்லை. பொதுவான கட்டி அருகியபோது அரிய கட்டி வெளித்தோன்றலாயிற்று. வில்ம்ஸ் கட்டி ஏறத்தாழப் பத்தாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கே உண்டாவது. மூன்று நான்கு வயதிலேயே மிகுதியாகத் தோன்றுவது. 5 முதல் 7 வீதமானோரில் இரு சிறுநீரகங்களையும் பற்றுவது. நூறு பருத்த மண்ணீரல்கள் வரிசையில் நின்ற காலத்தில் இதனைத் தேடுமாறு எந்த வைத்தியரிடமும் கேட்டிருக்க முடியாது.

மட்டக்களப்பின் 'பாடும் மீன்' உலகறிந்தது. நிலவு நாள்களில் வாவியினடியிலிருந்து எழும் அவ்வொலியை எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிற் பதிவு செய்துள்ளார். தோணியின் மரத்திற் காதை வைத்தால் ஒலி பெருகிக் கேட்டது என்கிறார் அவர். காணமுடியாத நீரடியை ஒலியால் அறியும் கலை அவ்வாறு தோணிக்காரர் மட்டத்திலேயே இருந்தது. முதலாம் உலகப்போரில் லாஞ்சவின் முதலியோர் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக மனிதச் செவிக்கு எட்டாத கழியொலியை நீரினுட் செலுத்தி எதிரொலியைக் கேட்கும் கருவியை அமைத்தனர். 1955இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட், இரும்பிலுள்ள வெடிப்பைக் கண்டறியும் ஆலைக்கருவி ஒன்றில் வெட்டியெடுத்த கட்டிகளை வைத்துப் பார்த்தார். 1958இல் அவரும் துணைவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் பொருள் வயிற்றுக் கட்டிகளே. முற்றிய இரைப்பைப் புற்று என்று கைவிடப்பட்ட பெண்ணொருவரின் வயிற்றில் நீர்க்கட்டி இருப்பதை அக்கருவி காட்டியது. அவர் சத்திரசிகிச்சையின் பின் குணமடைந்தார்.

வாவிக்கரைப் பிள்ளைக்கு இக்கருவியே மிகவும் பொருந்தியது எனலாம். ஊசியில்லை, கதிரில்லை, மயக்க மருந்தில்லை; தாயின் மடியில் இருத்தியே பார்க்கலாம். கட்டி திண்மமா நீரா என்பது உடனே தெரியும். மண்ணீரல் எது, சிறுநீரகம் எது என்ற பழைய வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனிலும் முக்கியமானதொன்றையும் அது காட்டும். வில்ம்ஸ் கட்டி சிறுநீரக நாளத்தினூடே கொடிபோல் நீண்டு உடலின் பெருநாளத்துள் ஏறும் இயல்புடையது. சில பிள்ளைகளில் இதயம் வரையும் செல்லும். அதனை அறியாமற் கத்தி வைக்கும் சத்திரவைத்தியர் மேசையிலேயே பிள்ளையை இழக்க நேரலாம்.

1971இல் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதல் நோயாளரைப் படம்பிடித்தது. 1979இல் அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சீ.ரி. படத்தில் உடல் குறுக்கே அரிந்து வைத்தாற்போலத் தோன்றும். கட்டியைச் சுற்றி எஞ்சிய சிறுநீரகம் நண்டின் கொடுக்குப்போல் வளைந்து பிடித்து நிற்பதை அதிற் காணலாம். கட்டி சிறுநீரகத்திலேயே பிறந்தது என்பதற்கு அக்கொடுக்கே சாட்சி. படத்தின் வெற்றி இவ்விடத்தில் உச்சம் பெற்றது. ஆனால் கட்டி எங்குள்ளது, எவ்வளவு பெரியது, எதனைத் தொட்டுள்ளது என்பதைச் சொல்லும் படம், கட்டி எது என்பதைச் சொல்வதில்லை. அப்பெயரை நுணுக்குக்காட்டியே தந்தது.

1967இல் பொலாண்டே என்னும் நோயியலர், பிறந்து சில மாதங்களேயான குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி வில்ம்ஸ் கட்டி அன்று, பெரும்பாலும் தீங்கற்ற வேறொன்று என்று காட்டினார். அதற்கு முன் எத்தனையோ சிசுக்கள் வேண்டாத மருந்துக்கும் கதிருக்கும் ஆளாயின. சிலருக்குச் சிகிச்சையே நஞ்சாயிற்று. படத்தில் இரண்டும் ஒன்றே. வயதே வேறுபாட்டைச் சொன்னது. 1970களில் எலும்புக்குப் பரவும் தெளிகலச் சார்கோமாவும், 1978இல் மூளைக்கட்டியோடு சேர்ந்து வரக்கூடிய கொடிய றப்டொயிட் கட்டியும் பிரித்தெடுக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, முடிவு வேறு. எனவே ஐரோப்பியர் படத்தை நம்பி முதலில் மருந்தைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கியபின் வெட்டினர். அமெரிக்கர் முதலில் வெட்டி, இழையத்தைக் கண்டபின் மருந்து கொடுத்தனர். ஐரோப்பியர்தம் முறையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு மட்டும் முதலில் சத்திரசிகிச்சை என்று விதி செய்யப்பட்டமைக்குப் பொலாண்டேயின் கண்டுபிடிப்பே அடிப்படை. இரு முறைகளும் ஏறக்குறைய ஒரே பயனைத் தந்தன. நோயாளர் காலந்தாழ்த்தி, மிகப் பெருத்த கட்டியோடு வரும் நாடுகளுக்கு முதலில் மருந்து என்னும் முறையே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

பத்து வயதைக் கடந்தோரிடம் கதை மீண்டும் மாறுகின்றது. 1967இல் றொபேர்ட்சனும் பின்னர் ஜப்பானியரான கிஹாராவும் விவரித்த ரெனினோமா என்னும் சிறு கட்டி வயிற்றிற் கைக்குத் தட்டுப்படுவதேயில்லை. இளைஞர் ஒருவருக்குக் கடும் தலைவலியும் அடங்காத குருதியழுத்தமும் பொட்டாசியக் குறைவும் இருப்பதே அதன் அறிகுறி. பழைய அயடீன் படத்தில் அது தப்பிவிடும், சீ.ரி. படத்திலேயே அகப்படும். அகப்பட்டபின் அதனை நீக்கினாற் பெரும்பாலோரின் குருதியழுத்தம் தணிந்துவிடும். இதற்கு நேர்மாறானது 1995இல் டேவிசும் துணைவரும் முப்பத்துநான்கு நோயாளரைக் கொண்டு விவரித்த சிறுநீரக மையவிழையப் புற்று. அரிவாட்கலப் பண்பை உடைய இளையோரையே அது பற்றியது. சிறுநீரில் இரத்தம் போவதே முதற்குறி. சத்திரசிகிச்சையின் பின் அவர்கள் உயிர்வாழ்ந்த சராசரிக் காலம் பதினைந்து கிழமைகளே. அரிவாட்கலப் பண்பு ஆபிரிக்காவுக்கே உரியது என்ற எண்ணத்தை 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அதனைக் கண்டு தகர்த்தனர். இலங்கையில் அது அரிதெனினும் இல்லாததன்று. சிறுநீரில் இரத்தம் கண்ட இளைஞனின் படத்தில் நடுச்சிறுநீரகத்தே கட்டி தெரியும்போது, படத்தை வாசிப்பவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி அவனது குருதியைப் பற்றியதாகும்.

இக்கருவிகளும் பெயர்களும் உலகில் எங்கோ கிடைத்தபோது வாவியின் மேற்குக் கரையில் இருந்த பிள்ளைக்கு அவை எப்போது கிடைத்தன? பெரும்பாலான பிள்ளைகளில் வில்ம்ஸ் கட்டியை முதலிற் காண்பவர் வைத்தியரல்லர். குளிப்பாட்டும்போது தாயே காண்கின்றாள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும், நோவு இராது. நோவில்லாத கட்டிக்கு வயல் வேலையை விட்டு ஆற்றைக் கடப்பது எளிய முடிவன்று. முதலில் ஊர்ப் பரிகாரியார், பின் கோயிலில் நேர்த்தி, அதன்பின்பே 'பாதை' என அங்கு வழங்கும் மிதவையில் ஏறி மண்முனைத் துறையையோ அம்பிளாந்துறையையோ கடந்து எழுவான்கரை சேர்தல். அங்கிருந்து புளியந்தீவின் வைத்தியசாலைக்கு. புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியில் கொழும்புக்கும், பிற்காலத்தில் அபேக்ஷா எனப் பெயர் பெற்ற மகரகம வைத்தியசாலைக்கும். 1928இல் வந்த புகையிரதம் இவ்வழியைச் சுருக்கியது. 1980களின் பின் போர் அதனை மீண்டும் நீட்டியது. படுவான்கரைக்கும் நகருக்கும் இடையே துப்பாக்கியும் சோதனைச் சாவடியும் நின்ற ஆண்டுகளில் ஒரு படம் எடுப்பதற்காக ஒரு நாளும், அதன் முடிவை அறிய இன்னொரு நாளும் போய்வருதல் எத்தகையது என்பது விரித்துரைக்க வேண்டாதது. வில்ம்ஸ் கட்டி விரைந்து பெருகும் இயல்பினது. தாமதம் அதற்குத் துணை.

போர் முடிந்தபின் 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. பாதை ஏறக் காத்திருந்த நேரம் அவ்வழியில் இல்லாதொழிந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்தியக் கல்வி தொடங்கியதோடு புளியந்தீவு வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாக உயர்ந்தது. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அங்குப் பயிலும் இன்றைய மாணவர் காய்ச்சற்கட்டியைத் தம் கையால் உணரும் வாய்ப்பு மிக அரிது. இடப்பக்க விலாவின் கீழ் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அவர் மனத்தில் முதலில் எழுவது குருதிப்புற்றும் தலசீமியாவும் வில்ம்ஸ் கட்டியுமே. சிகிச்சை முடிந்த பிள்ளைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுக்குக் கழியொலிப் படமும் நெஞ்சுக்குக் கதிர்ப்படமும் வேண்டும். மீண்டெழும் நோயிற் பெரும்பகுதி அக்காலத்துள், நுரையீரலிலேயே தோன்றுகின்றது. அவ்விரு படங்களுக்காகக் கொழும்பு செல்லவேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து பாலத்தைக் கடந்து காலையிற் சென்ற தாயும் பிள்ளையும் அன்று மாலையே வீடு திரும்பலாம்.